குறையே இல்லாத ரிப்போர்ட்

மூச்சுக் கருவியை எப்படி ஓட்டுவது, மாஸ்க்கை எப்படிக் கழுவுவது, ஃபில்டரை எப்போது மாற்றுவது என்பதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் உங்களுக்குப் படம் போட்டுக் காட்டிவிடுவார்கள். அதற்கு நான் தேவையில்லை. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் நான் பேச நினைத்தது சந்தேகப்படுவதைப் பற்றி. எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும், சந்தேகம் வந்தபின் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை எந்தக் கம்பெனியும் சொல்லித்தராது.

காஞ்சிபுரத்தில் முதலில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவிலும், பிறகு நுரையீரல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கிலும் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கூட வேலை பார்த்த பெண்கள் எனக்கு 'சிஐடி மேடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு பேசுவார்கள். நன்றாகவே விழும். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

இந்தக் குணம் எனக்கு வந்தது ஆஸ்பத்திரியில் எனக்கு மூத்தவராக இருந்த ஒருவரிடமிருந்து. வென்டிலேட்டரில் அலாரம் அடித்தால் நாங்கள் எல்லோரும் ஓடுவோம். அவர் மெதுவாகத்தான் வருவார். ஆனால் அடித்துக்கொண்டிருந்த அலாரம் பட்டென்று நின்றுவிட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையை உதறிக்கொண்டு எழுந்து ஓடுவார். "அடிக்குதுன்னா மிஷின் பாத்துக்கினு இருக்குது. நின்னுச்சுன்னா யாரு நிறுத்துனா?" என்பார். ஒருமுறை அப்படி அவர் ஓடியபோது, சத்தம் பொறுக்காமல் நோயாளியின் தம்பியே பட்டனை அழுத்தி வாயடைத்திருந்தான். குழாய் கழன்று தலையணை மேல் கிடந்தது. நல்லவேளையாக உடனே மாட்டிவிட்டோம். அன்றிலிருந்து எனக்கும் சத்தத்தைவிட அமைதிதான் பயம். கெட்ட சேதியை எல்லோரும் சரிபார்ப்பார்கள். நல்ல சேதியைச் சரிபார்க்க ஆள் இருக்காது.

ஏழுமலையின் ரிப்போர்ட் அப்படி ஒரு நல்ல சேதியாகத்தான் என் மேசைக்கு வந்தது.

ஏழுமலை பஸ் டிரைவர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஒப்பந்த பஸ். கூரம் கிராமத்தில் வீடு. அங்கேயும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, காஞ்சிபுரத்தில் மிச்சப் பேரையும் ஏற்றிக்கொண்டு போவார். பெரும்பாலும் சின்ன வயதுப் பெண்கள். ஒருநாள் வண்டியைச் சிக்னலில் நிறுத்தியவர் பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டியபோது ஸ்டியரிங்கில் தலை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாராம். வண்டி நின்றிருந்ததால் பிழைத்தார்கள்.

பஸ் ஒப்பந்தக்காரர் அவரை எங்கள் கிளினிக்குக்கு அனுப்பினார். தூங்கவைத்துப் பரிசோதித்ததில், தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய் அவருக்குக் கடுமையாகவே இருந்தது. இரவில் படுத்தால் தூங்குகிறோம் என்று இவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உடம்பு தூங்காது. மூச்சுக்காக விழித்து விழித்து எழும். அந்தக் கடனைப் பகலில் எங்கே உட்கார்ந்தாலும் கண் கேட்கும். அதற்குத்தான் சிபாப் மிஷின். மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தால், காற்றை மெல்லத் தள்ளித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும்.

மிஷின் பழகும்வரை வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒப்பந்தக்காரர் சில நாள் லீவு கொடுத்துவிட்டு, ஆள் பற்றவில்லை என்று மறுபடி வண்டியில் ஏற்றிவிட்டார். மிஷின்தான் போட்டுக்கொள்கிறாரே என்பது அவர்கள் சமாதானம். மிஷினில் பதிவாகும் ரிப்போர்ட் நன்றாக இருந்து, டாக்டர் ஒரு கடிதமும் கொடுத்துவிட்டால் வேலை நிலைக்கும். அந்தக் கடிதத்துக்காகத்தான் அன்று காலை வந்திருந்தார். கூடவே அவர் மனைவி அமுலு, ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் ஒருவர். பிற்பகல் ஷிப்டுக்கு ஏழுமலைதான் வண்டி எடுக்க வேண்டும்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். முதல் இரண்டு மூன்று நாள் தடுமாற்றத்தை விட்டால், ஒரு ராத்திரி விடாமல் போட்டிருக்கிறார். காற்று எங்கேயும் கசியவில்லை. மூச்சு நின்றதாகப் பதிவே இல்லை என்று சொல்லலாம்.

"இவர மாதிரி எல்லாரும் இருந்துட்டா நம்ம கிளினிக்க மூடிடலாம்மா," என்று சிரித்தார். "மாஸ்க்க மட்டும் ஒருதரம் பாத்துட்டு சொல்லுங்க. லெட்டர் குடுத்துடலாம்."

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் ஏழுமலை தாடை நெஞ்சில் முட்டத் தூங்கிக்கொண்டிருந்தார். கையிலிருந்த டோக்கன் கீழே விழுந்து கிடந்தது. பக்கத்தில் சூப்பர்வைசர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். அமுலு கணவரின் முழங்கையை இடித்தாள். அவர் திடுக்கிட்டு எழுந்து, "தூங்கல மேடம், சும்மா கண்ண மூடிக்கினு இருந்தேன்," என்றார். நான் ஒன்றும் கேட்கவேயில்லை.

மிஷின் போட்டும் பகலில் தூங்கி வழிகிறவர்கள் உண்டு. தைராய்டு இருக்கலாம், மாத்திரை காரணமாக இருக்கலாம். என் சந்தேகம் முதலில் போனது குடியின் பக்கம். டோக்கனை எடுத்துக் கொடுக்கும் சாக்கில் குனிந்து மூச்சை முகர்ந்தேன். விபூதி வாசனையும் காபி வாசனையும்தான் வந்தன. சரி, மிஷினில் ஏதோ கோளாறு என்று அடுத்ததாக நினைத்தேன். ரிப்போர்ட்டை மறுபடி பிரித்து, டாக்டர் அவசரத்தில் தாண்டிப் போன பக்கத்தைப் பார்த்தேன்.

இந்த வகை மிஷின் தொண்டை அடைபட்டால் தானாகவே காற்றைக் கூட்டும். திறந்ததும் குறைத்துக்கொள்ளும். பரிசோதனை நடந்த அன்று ஏழுமலையின் தொண்டை அடைபட்ட அடைப்புக்கு, காற்றின் அளவைக் காட்டும் கோடு மேலும் கீழுமாக ஏறி இறங்க வேண்டும். ஆனால் அது தரையில் படுத்த பாம்பு மாதிரி நீளமாகக் கிடந்தது. இத்தனை வாரத்தில் மிஷின் ஒரு ராத்திரிகூட மெனக்கெடவில்லை. அவ்வளவு கெட்ட தொண்டை எந்த மருந்தும் இல்லாமல் எப்படித் தானாகவே சரியானது?

பையிலிருந்த மாஸ்க்கை எடுத்தேன். மூக்கின் மேல் பதியும் சிலிகான் விளிம்பில் லேசான மஞ்சள் கறை. பழசானால் சிலிகான் மங்கும், ஆனால் இது அப்படி இல்லை. மஞ்சள் தேய்த்துக் குளிக்கிற முகம் பட்ட கறை. மாஸ்க் வாரைப் பார்த்தேன். சின்னத் தலைக்குச் சேர்கிற மாதிரி உள்ளே இழுத்து ஒட்டியிருந்தது.

ஏழுமலையின் தலை பெரிய தலை.

அந்த நேரத்தில் என் மனம் போன இடங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். மிஷினை வாடகைக்கு விட்டிருக்கிறாரா? டிரைவர்கள் சேர்ந்து யாரையாவது வைத்து ரிப்போர்ட் தயார் செய்கிறார்களா? அந்த சூப்பர்வைசரும் இதில் கூட்டா? அவர் வாராவாரம் எங்கள் கிளினிக்குக்கு யாராவது ஒரு டிரைவரைக் கூட்டி வருகிறவர். எனக்குப் பின்னால் நின்று, "முடிஞ்சிச்சா மேடம்?" என்று கேட்டபடியே இருந்தார்.

நான் ஏழுமலையிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தேன். "எங்க, மாஸ்க்க மாட்டிக் காட்டுங்க. பொருத்தம் பாக்கணும்."

வாங்கினார். தலைகீழாகப் பிடித்தார். பிறகு நேராக்கினார். வார் காதைத் தாண்டவில்லை. ராத்திரி தோறும் மாட்டுகிறவர்கள் இருட்டில் கைத்தடவலிலேயே மாட்டுவார்கள். இவர் வெளிச்சத்தில் தடுமாறினார்.

"ராத்திரி மிஷின் சத்தம் எப்படி? தொந்தரவா இருக்குதா?" என்றேன்.

"இருக்குது மேடம். டொர்ருனு ஒரு சத்தம். பழகிடுச்சி," என்றார் ஏழுமலை.

பக்கத்திலிருந்த அமுலு சட்டென்று குறுக்கிட்டாள். "டொர்ருனு எங்க வருது? உஸ்ஸுனுதான் மேடம் வரும். போட்ட ஒடனே மெதுவா வரும். அப்பால கொஞ்சம் கொஞ்சமா ஏறும். மூக்குக்குள்ளாற குளு குளுனு…"

சொல்லி முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள். நான் அப்போதுதான் அவள் முகத்தை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தேன். மூக்கின் மேல் தண்டில் பொட்டு மாதிரி ஒரு சிவப்புத் தடம். இரண்டு கன்னத்திலும் காதை நோக்கி ஓடும் மெல்லிய பள்ளம். விடிந்ததும் அவசரமாகக் கிளம்பி பஸ் பிடித்து வந்த முகம், இன்னும் தடம் மறையவில்லை. ஏழுமலையின் முகத்தில் அப்படி ஒரு கோடு இல்லை.

இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் என்று ஒன்று இருக்கிறது. அது நாக்கின் நுனிக்கு வந்து நிற்கும். எனக்கும் வந்தது. "இத யாரு மாட்டிக்கினு தூங்குறது?" என்று அங்கேயே கேட்டிருந்தால் போதும், இரண்டு அடி பின்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தார். ஏழுமலை அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பார். டாக்டரிடம் போய்ச் சொல்லலாம், ஆனால் அவர் உள்ளே ஒரு மூச்சுத் திணறல் நோயாளியோடு இருந்தார். ஒன்றும் சொல்லாமல் 'மாஸ்க் சரி' என்று எழுதிக் கொடுத்தால் பிற்பகல் அந்த பஸ் கிளம்பும். என்னிடம் ஆதாரம் என்று எதுவும் இல்லை. ஒரு கறை, கன்னத்தில் ஒரு பள்ளம், வாய் தவறி வந்த ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

நான் அமுலுவிடம், "வாம்மா, இத எப்படி கழுவறதுன்னு காட்றேன்," என்று சொல்லி மாஸ்க் கழுவும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் விழும் சத்தத்தில் பேச்சு வெளியே கேட்காது.

"எத்தினி நாளா நீ போட்டுக்கினு தூங்கற?" என்றேன், மாஸ்க்கைக் கழுவிக்கொண்டே.

மறுப்பாள், அழுவாள், சண்டை போடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள், "நான் எங்கக்கா தூங்கறேன்," என்றாள்.

பிறகு எல்லாம் கொட்டினாள். முதல் இரண்டு மூன்று ராத்திரி ஏழுமலை மாட்டிப் பார்த்திருக்கிறார். வாயை மூடினால் மூச்சு முட்டுகிறது, கிணற்றில் முக்குகிற மாதிரி இருக்கிறது என்று பிடுங்கி எறிந்திருக்கிறார். அதற்குள் ஒப்பந்தக்காரர் ஆபீசிலிருந்து, ரிப்போர்ட் வராவிட்டால் வேறு டிரைவரைப் போடுவதாகப் போன் வந்துவிட்டது.

"மிஷினுக்கு இன்னா தெரியும், யாரு மூக்குன்னு? நான் மாட்டிக்கினேன். அத்த போட்டுக்கினு இவரு பக்கத்துலயே ஒக்காந்துக்கினு இருப்பேன். மூச்சு நின்னா காலால ஒரு ஒதை. மறுபடி வரும். மறுபடி நிக்கும். விடிஞ்சா பட்டு நூல் சுத்தப் போவணும். சின்ன காஞ்சிபுரத்துல ஒரு தறிக்காரர் வூட்ல வேல செய்றேன். அங்க கண்ணு சொக்கி நூலு சிக்கு விழுது, திட்றாங்க."

"பஸ்ஸுல எத்தினி பேரு போறாங்கன்னு யோசிச்சியா?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் என் கோபம் அவளுக்குப் புரிந்தது.

"யோசிக்காம இருப்பனாக்கா? எம் பொண்ணு பிரியாவும் அந்த பஸ்ஸுலதான் போறா. அதே கம்பெனிதான். அப்பாவுக்குப் பின்னாடி சீட்டுல ஒக்காரு, போற வரைக்கும் பேசிக்கினே இரு, வாய மூடாதன்னு சொல்லி அனுப்புறேன். அவளும் வேலைய முடிச்சிட்டு வந்து பேசுது, பேசுது… தொண்ட கட்டிப்போவுது அதுக்கு."

ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைத்துக்கொண்டு வந்த ஆட்கள் இவர்கள் இல்லை. ஆபத்து தெரியாதவர்களும் இல்லை. ஒருத்தி ராத்திரியில் காலால் உதைத்தும் ஒருத்தி பகலில் வாயால் பேசியும் ஒரு பஸ்ஸைச் சாலையில் பிடித்து வைத்திருந்தார்கள். ஆனாலும் அது அப்படியே எத்தனை நாளைக்கும் நீடிக்கிற காரியம் இல்லை. என்றைக்காவது அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்டால்?

"இன்னிக்கு அவரு வண்டி எடுக்கக் கூடாது," என்றேன். "டாக்டர் கிட்ட நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன். ஆனா அந்த ஆளு போவட்டும்க்கா. அவருக்கு எதிர்ல வேணாம்."

நான் வெளியே வந்து சூப்பர்வைசரிடம், "மாஸ்க்குல கோளாறு இருக்கு. ஏழுமலைய இங்க படுக்கவெச்சு இன்னொரு டெஸ்ட் எடுக்கணும். பிற்பகலுக்கு வேற டிரைவர அனுப்புங்க," என்றேன்.

அவர் போனைப் பையில் போட்டார். "ரிப்போர்ட்டுதான் நல்லா இருக்குதே மேடம். டாக்டரே நல்லா இருக்குதுன்னாரு. உங்களுக்கு இன்னா?" என்றவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "புது மாஸ்க் விக்கணுமா? அத நேரா சொல்லுங்களேன்," என்றார்.

சந்தேகப்படுவது என் வேலை என்று இருந்தவளை ஒருவர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. ஏழுமலையும் அவரை நம்பினார். "நான் நல்லாத்தான் இருக்குறேன் மேடம். எம் பொழப்புல ஏன் மண்ண அள்ளிப் போடப் பாக்குறீங்க? கடுதாசி இல்லன்னா பரவால்ல, அப்புறம் வந்து வாங்கிக்கறேன். வாங்க சார், நேரமாவுது," என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார்.

அவரைப் பிடித்து நிறுத்த எனக்கு என்ன அதிகாரம்? உண்மையைச் சத்தமாகச் சொல்வது ஒன்றுதான் பாக்கி. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் பொத்தென்று ஒரு சத்தம்.

அமுலு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கை நெஞ்சின் மேல். "எனக்கு என்னமோ பண்ணுதுங்க… மார அடைக்குதுங்க…"

ஏழுமலை பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் குனிந்து நாடி பிடித்தேன். அவள் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள். நான் நிமிர்ந்து, "படுக்க வைக்கணும். இவங்க வூட்டுக்காரரு கூட இருக்கட்டும்," என்றேன். பொய்தான். வேலையில் இருந்த காலத்தில் நான் சொன்ன பொய்களில் அது ஒன்று. அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் பெண்ணை விட்டுவிட்டு வண்டி எடு என்று அவரால் சொல்ல முடியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே வேறொரு டிரைவருக்குப் போன் போட்டுவிட்டுக் கிளம்பினார். ஏழுமலை மிஷின் போடவில்லை என்பது அவருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? என்னால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. தெரிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சத்தம் கேட்டு டாக்டர் பதறி ஓடிவந்தார். அமுலு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் அவரிடம் தானே சொன்னாள். டாக்டர் முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, நீங்களும் இவங்களும் சேர்ந்து என் கிளினிக்ல நாடகம் போடுறீங்களா?" என்று என்னைக் கேட்டார். பிறகு ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி அந்தப் படுத்துக்கிடந்த கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நான் லெட்டர் டைப் பண்ணவே சொல்லிட்டேன்," என்றார், மெதுவாக.

ஏழுமலை தலை குனிந்து நின்றார். டாக்டர் அவர் மூக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே நடுத்தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு துவாரம் ஏறக்குறைய மூடியே இருந்தது. எப்போதோ பஸ் கதவு முகத்தில் அடித்ததாம். மூக்கடைப்பு உண்டா என்று முதல் நாளே கேட்டிருந்தோமே என்றேன்.

"நீங்க ஒவ்வொரு கேள்வியா கேக்கக் கேக்க, எதுக்கு ஆமான்னு சொன்னா என் லைசன்ஸு போவுமோன்னு பயந்துக்கினே இருந்தேன் மேடம். எல்லாத்துக்கும் இல்லன்னு சொல்லிட்டேன்," என்றார்.

நாம் கேள்வி கேட்கும்போது எதிரில் இருப்பவரும் நம்மைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் பதில் சொல்கிறார். இதை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று பிற்பகல் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க் ஒன்றை எடுத்தேன். உடனே மாட்டவில்லை. முதலில் அவர் கையிலேயே கொடுத்து, காற்று முகத்தில் படும்படி பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்றால் எந்த நேரமும் எடுத்துவிடலாம் என்று சொல்லி, எப்படிக் கழற்றுவது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தேன். கழற்றத் தெரிந்த பிறகு பயம் பாதி குறைந்தது. வாரை மாட்டினேன். வாயால் மூச்சு விட்டுப் பார்த்தார். முட்டவில்லை. தலையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார்.

தூங்கின சிறிது நேரத்திலேயே மிஷின் வேலையைத் தொடங்கியது. காற்று ஏறியது, ஏறியது, ஓர் இடத்தில் நின்றது. குறட்டை அடங்கியது. நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. அமுலு கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கால் தன்னையறியாமல் கட்டிலின் பக்கம் நீண்டு நீண்டு திரும்பியது. நான் ஒரு தம்ளர் டீ கொண்டுவந்து பார்த்தபோது கட்டில் விளிம்பில் தலை வைத்து அவளும் தூங்கிவிட்டிருந்தாள். டீயை நானே குடித்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். டாக்டர் கடிதம் கொடுத்தார். சிகிச்சை சரியாகும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்ற கடிதம். மிஷின் பக்கம் தவறு கண்டுபிடித்து மாஸ்க்கை மாற்றியிருக்கிறோம் என்றும் அதில் எழுதினார். அது உண்மையும்கூட. யார் மாட்டிக்கொண்டது என்பதை அவர் எழுதவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. ஏழுமலையை பஸ் ஷெட்டில் வண்டி கழுவவும் டயர் பார்க்கவும் போட்டார்கள். மூக்கில் ஆபரேஷன் நடந்தது. அந்த மாதங்களில் ரிப்போர்ட் காட்ட வரும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார். மிஷினை மேசை மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார். ஒருமுறை அமுலு, "அவரு மனசுல வெச்சிக்கினு இருக்காருக்கா, நீங்க ஒண்ணும் நெனச்சிக்காதீங்க," என்றாள். நான் நினைத்துக்கொள்ளவில்லை. ஒரு மனிதரின் ஸ்டியரிங்கை வாங்கிவிட்டு அவர் நம்மைக் கும்பிட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

அந்த ரிப்போர்ட்டுகளில் குறைகள் இருந்தன. சில ராத்திரி மாஸ்க்கைக் கழற்றிப் போட்டிருந்தார். சில ராத்திரி காற்று கசிந்திருந்தது. ஜலதோஷம் பிடித்த வாரத்தில் கோடு தாறுமாறாக ஏறி இறங்கியது. மெல்ல மெல்லச் சரியானது. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. உயிருள்ள ஓர் ஆள் உண்மையாகத் தூங்கிப் பழகினால் பதிவு அப்படித்தான் இருக்கும். பகல் தூக்கம் போய்விட்டதா என்று டாக்டர் தனியாகவும் பரிசோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

உங்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது ரிப்போர்ட் போனிலேயே வந்துவிடுகிறது. ஆளைப் பார்க்காமலேயே பச்சை நிறத்தைப் பார்த்து அடுத்த பேருக்குப் போய்விடலாம். போகாதீர்கள். நல்ல ரிப்போர்ட் வந்த ஆளை ஒருதரம் நேரில் வரச்சொல்லுங்கள். உட்காரவைத்துப் பேசுங்கள். கூட வந்தவர்களையும் பாருங்கள். சந்தேகம் வந்தால், யார் காதில் விழலாம், யார் காதில் விழக் கூடாது என்று பார்த்துவிட்டுப் பிறகு வாயைத் திறங்கள். ஆனால் யாராவது சாகக்கூடிய இடமாக இருந்தால் அதற்காக நேரம் கடத்தாதீர்கள். அன்று அமுலு மட்டும் கீழே விழாமல் இருந்திருந்தால் நான் சூப்பர்வைசர் எதிரிலேயே கத்தியிருப்பேன். ஏழுமலைக்கு வேலை போயிருக்கும். அதையும் செய்யத்தான் வேண்டியிருந்திருக்கும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பிற்பகல், ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். ஒரு கம்பெனி பஸ் என்னைத் தாண்டிப்போய் ஓரமாக நின்றது. டிரைவர் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு கூப்பிட்டது.

"ஏறுங்க மேடம். அங்கதான போறீங்க? வெயில்ல நின்னுக்கினு…"

ஏழுமலை. முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கம் இல்லை. அவருக்குப் பின் சீட்டில் ஓர் இளம்பெண் காதில் இயர்போனோடு ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அமுலுவின் ஜாடை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. என் கண் தானாகவே டிரைவருக்கு மேலே இருந்த கண்ணாடிக்குப் போனது. அதில் தெரிந்த அவர் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். இமை கனக்கிறதா, பார்வை ஓரிடத்தில் குத்திட்டு நிற்கிறதா என்று.

கொஞ்ச தூரம் போனதும் அவர் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார்.

"இன்னா மேடம், கண்ண எடுக்காம பாக்குறீங்க. இன்னுமா சந்தேகம்?"

"ஆமாம்பா," என்றேன்.

"பாருங்க, பாருங்க. யாராவது ஒருத்தரு பாத்துக்கினு வர்றது நல்லதுதான். இவ முன்ன மாதிரி இல்ல மேடம். ஏறி ஒக்காந்த ஒடனே தூங்கிடறா," என்று சொல்லிக் கியரை மாற்றினார்.

இறங்கும்வரை நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணும் கண் விழிக்கவில்லை.